கூப்பிடாமலே வந்துருங்க

ஆம்புலன்ஸ் ஓட்டும் கணவன் யோகராஜுக்கு, காலண்டர் தாளின் பின்பக்கம் தேவகுமாரி எழுதினாள்.

"ஏங்க, யூனிஃபார்ம் எடுக்க வருவீங்கன்னு தெரியும். சட்டியில ரசம் இருக்கு, சுட வச்சுச் சாப்பிடுங்க. நான் மன்னிப்பு எழுதிக் கொடுக்க போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன்.

அன்னிக்கு வரைக்கும் ஒம்பது நாளா நீங்க வீட்டுக்கு வராம டூட்டியிலயே இருந்தீங்க. நெஞ்சுவலின்னு பொய் சொன்னா உங்க வண்டிதான் வரும்னு 108க்குக் கூப்பிட்டேன். மொகத்தப் பாத்தாப் போதும்னு இருந்துச்சு. நீங்களும் பதறி ஓடியாந்தீங்க. அந்நேரம் பெருமாள்மலையில ஒரு புள்ளத்தாச்சி வண்டி கெடைக்காம ஜீப்புலயே பெத்துட்டா. ரெண்டு உசுரும் நல்லாருக்காம், விசாரிச்சேன். அன்னைலருந்து நீங்க பேசல."

மடித்து அவன் யூனிஃபார்ம் சட்டைப் பையில் வைத்தவள், மறுபடி எடுத்து அடியில் நுணுக்கி எழுதினாள்:

"இனி நெசமாவே வலிச்சாலும் அந்த நம்பர அழுத்த எனக்குக் கை வராது. கூப்பிடாமலே வந்துருங்க."