மாமா மூக்கில் ஓடும் சிவப்பு நூல்

சோமனூர்,
வெள்ளிக்கிழமை.

குடியை மறக்க ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கும் என் மாமாவுக்குப் பாசமும் கொஞ்சம் கோபமுமாக பாவாத்தாள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் நாலு தறியும் நலம்.

ஊரார் சொல்லி நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். தறிக்கு நூல்தார் போட்டுவைக்கிற தார்ப்பெட்டிக்கு அடியில் நீங்கள் ஒளித்துவைத்திருந்த பாட்டிலில் அரை டம்ளர் நான் குடித்துப்போட்டேன். கல்யாணமாகி இருபத்தாறு வருசமாக என்னை விட்டுவிட்டு நீங்கள் தேடிப்போனவள் எப்படித்தான் இருக்கிறாள் என்று பார்க்க வேண்டாமா? நன்றாகவே இல்லைங்க. என் ரசத்தைக் காரம் என்று தள்ளிவைத்த வாயா இதைக் குடித்தது?

குடித்த கொஞ்ச நேரத்தில், மாசாமாசம் சர்க்கரைப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க வருகிற நர்ஸ் ஹர்ஷிணி வந்து நின்றாள். எப்போதும் நரம்பு கிடைக்காமல் என் கையைத் தட்டித் தட்டிச் சலித்துப்போவாள். அன்றைக்கு நரம்பெல்லாம் பாகற்கொடி மாதிரி புடைத்துக் கிடந்தது. கன்னமும் சிவந்துவிட்டது. என்னை ஊதச் சொன்னாள். ஊதினேன். "நரம்பு கெடைச்ச அன்னிக்குப் பார்த்து, சரக்கு கலந்த ரத்தம் டெஸ்ட்டுக்கு ஆகாதுங்களேக்கா" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்புக்கு, பக்கத்துக் குடோன் மாசாணம் அண்ணன் தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

அவள்தான் விளக்கம் சொன்னாள். சரக்கு உள்ளே போனால் தோலுக்கடியில் இருக்கிற ரத்தக்குழாய் எல்லாம் விரிந்துகொள்ளுமாம். எனக்குச் சாயங்காலத்துக்குள் தணிந்துபோனது. நாள் தவறாமல் குடிக்கிறவர்களுக்கு மெல்லிசான குழாய்கள் விரிந்தது விரிந்தபடியே நின்றுவிடுமாம், இழுத்து இழுத்துத் தொய்ந்த பனியன் கம்பெனி எலாஸ்டிக் மாதிரி. உங்கள் மூக்கில் ஓடுகிற சிவப்பு நூல் அப்படி வந்ததுதான் போல. தறிக்குடோன் சூடு என்று இத்தனை நாள் சொல்லிவந்தீர்களே, அதே சூட்டில் நிற்கிற என் மூக்கில் மூக்குத்தி மட்டும்தானுங்களே இருக்கிறது.

அப்புறம் உங்கள் நெஞ்சில் இருக்கிற சிலந்திக்கால் கோடுகளைப் பற்றி அவளிடம் சொன்னேன். விரலால் அழுத்தினால் மறையும், எடுத்தால் நடுவிலிருந்து காலைப் பரப்பும். எட்டுக்கால் பூச்சி ஊடு கட்டுது என்று எண்ணெய் தேய்க்கும்போது நான்தானே கேலி பண்ணுவேன். அது ஈரல் கெட்டு வருகிறதற்கும் அடையாளமாக இருக்கலாம் என்றாள் ஹர்ஷிணி. எனக்குச் சிரிப்பு நின்றுபோனது.

உங்களுக்குத்தான் அங்கே போன் தர மாட்டார்களே, உங்களைப் பார்க்கிற டாக்டரைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன். ஈரல் வீங்கியிருக்கிறது, இன்னும் கெட்டுப்போகவில்லை, இப்போதே அடியோடு விட்டால் தேறிவிடும் என்றார். மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். மூன்று தடவையும் அதையேதான் சொன்னார். அன்றைக்கே பணியாரம் சுட்டுத் தெரு முழுக்கக் கொடுத்துவிட்டேன். என்ன விசேசம் என்று கேட்டவர்களிடம் மாமாவுக்கு ஈரல் நல்லா இருக்கிறது என்றேன். பாதிப்பேருக்குப் புரியவில்லை. பணியாரம் எல்லாருக்கும் புரிந்தது.

உங்கள் கடிதம் கிடைத்தது. நாலு வரியில் மூன்று வரி அங்கே ஊற்றுகிற தண்ணிச் சாம்பாரைப் பற்றி. கடைசி வரியில் வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறீர்கள். வரமாட்டேனுங்க மாமா. இன்னும் பதினெட்டு நாள்தான். அது முடிந்த அன்றைக்கு வாசலில் முதல் ஆளாக நான் நிற்பேன்.

மூக்கில் இருக்கிற நூல் மறையாமலே போனாலும் போகட்டும். கேலி பேச எனக்கும் ஏதாவது வேண்டும். நெஞ்சில் குடியிருக்கிற பூச்சி மட்டும் ஊட்டைக் காலி பண்ணட்டும். நீங்கள் குடியை விட வேண்டும் என்று கருப்பராயனுக்குச் சேவல் நேர்ந்துவிட்டிருக்கிறேன். அதை நீங்களே கையில் பிடித்துக்கொண்டு, கால் பின்னாமல் கோயில் வரைக்கும் நடந்து வர வேண்டும். பின்னால் நான் வருவேன். எனக்கு அது போதுமுங்க. நல்லபடியாக இருங்கள். தண்ணிச் சாம்பாரானாலும் வயிறாரச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பாயை வெயிலில் போட்டுத் தட்டி வைத்திருக்கும்
பாவாத்தாள்.

பின்குறிப்பு: பாட்டிலில் மிச்சம் இருந்ததை இன்று காலை வாசலில் கொட்டினேன். அங்கே கோழிக்குப் போட்ட கம்மஞ்சோறு கிடந்ததைப் பார்க்கவில்லை. கருப்பராயன் சேவல் அதைத் தின்றுவிட்டது. இப்போது சுவரில் சாய்ந்து நிற்கிறது. மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு தடவை கூவியது. கொண்டை முன்பே சிவப்பு என்பதால் வேறு அடையாளம் எதுவும் தெரியவில்லை.