வாசலில் உட்கார்ந்திருந்தவள்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலம் என்று நானே எழுதிக்கொள்கிறேன். நீதான் மூன்று மாதமாகக் கடிதமே போடுவதில்லையே.

என் படம் கண்காட்சிக்குத் தேர்வாகிவிட்டது. கரித்துண்டால் வரைந்த ஆறடிப் படம். தையல் ஆலை வாசலில் நீ உட்கார்ந்திருக்கிறாய். போராட்டத்தின் மூன்றாம் நாள் எடுத்து அனுப்பினாயே, அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் வரைந்தேன். வெயிலில் வெடித்த உதடு, மடியில் இறுக்கிய கை, யார் வந்தாலும் எழமாட்டேன் என்கிற முழங்கால். கழிப்பறைக்குப் போக ஒரு நாளைக்கு இரண்டே டோக்கன் என்றவர்களை எதிர்த்து நாற்பது நாள் உட்கார்ந்தவள் என்று கீழே எழுதியிருக்கிறேன். தலைப்பு ‘என் அக்கா’. பத்திரிகையிலும் வரப்போகிறது.

உன்னைப் பார்த்து ஏழு வருஷமாகிறது. பதினெட்டாம் தேதி திறப்பு விழா. வராவிட்டால் படத்தில் உன் மூக்கைப் பெரிதாக்கிவிடுவேன்.

உன் தம்பி

மார்ச் 12

கரிக்கைத் தம்பிக்கு,

பத்திரிகையில் படம் வந்துவிட்டது. யாரோ அதை வெட்டி, ஆலையில் வருகைப் பதிவு மெஷினுக்கு மேலே ஒட்டியிருக்கிறார்கள். தினமும் அதன் கீழே நின்றுதான் விரல் வைக்கிறேன்.

உனக்கு எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. நான் நாற்பது நாள் உட்காரவில்லையடா. பன்னிரண்டாம் நாள் பின்வாசல் வழியாகப் போய், மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டேன். வேறொன்றுமில்லை, பயந்துவிட்டேன். டோக்கனை ஒழித்தார்கள். கடைசிவரை இருந்த பத்தொன்பது பேரையும் வேலையைவிட்டு நீக்கினார்கள். அவர்கள் வாங்கிக் கொடுத்த சுகத்தை நான் அனுபவிக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் என் பெஞ்சில் யாரும் உட்கார்வதில்லை.

அந்தப் பத்தொன்பது பேரில் ஒருத்தி, என் பக்கத்து மெஷின்காரி, பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தாள். “நல்லாத்தான் வரைஞ்சிருக்கான் உன் தம்பி. நாங்க உக்காந்த இடத்துல உன்னை உக்கார வச்சிருக்கான்” என்றாள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் போய்விட்டாள்.

அந்த முகத்தை அழித்துவிடு. கரிதானே, துணியால் துடைத்தால் போகாதா?

அக்கா

மார்ச் 15

அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. உன்மேல் கோபமில்லை. ஆனால் படத்தைத் தொட முடியாது. கரி உதிராமலிருக்க மருந்து அடித்து, கண்ணாடியும் போட்டாயிற்று. இனி அது நீ மட்டுமில்லை, அப்படி உட்கார்ந்த எல்லோரும்தான். ஆயிரம் பேர் பார்த்துத் தைரியம் கொள்ளப்போகிற இடத்தில் ஒரு கையெழுத்து என்ன பெரிய விஷயம்? நீயும் யாரிடமும் வாயைத் திறக்காதே. விழாவுக்கு வா, உனக்கே புரியும்.

தம்பி

மார்ச் 21

தம்பிக்கு,

வந்தேன். சொல்லாமல் வந்தேன்.

படம் நன்றாக இருக்கிறது. இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஒரு பெண் அதைப் பார்த்து அழுதாள். நான் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அவள் என்னையும் பார்த்தாள், படத்தையும் பார்த்தாள், ஒன்றும் தோன்றவில்லை அவளுக்கு.

நீ கூட்டத்துக்கு நடுவில் பேசிக்கொண்டிருந்தாய். இந்த வயதிலேயே நரைத்துவிட்டதே உனக்கு, நேரத்துக்குச் சாப்பிடு. “எங்க அக்கா யாருக்கும் தலை குனிஞ்சதில்ல” என்றாய். கூப்பிடலாம் என்று முன்னால் வந்தேன். நீ படத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமலே, “கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, பின்னாடி இருக்கவங்களுக்கு மறைக்குது” என்றாய்.

தள்ளி நின்றேன். அப்படியே வெளியே வந்துவிட்டேன். பஸ் ஏறும்வரை அழுகையை அடக்கிக்கொண்டிருந்தேன்.

நேற்று ஆலையில் ஒட்டியிருந்த அந்தப் பத்திரிகைப் படத்தைக் கிழித்து எடுத்தேன். அதே இடத்தில் பத்தொன்பது பேரின் பெயரையும் எழுதி ஒட்டினேன். இவர்களைத் திரும்ப வேலைக்கு எடுக்கும்வரை தையல் மெஷினைத் தொடமாட்டேன் என்று கீழே எழுதி, நான் பன்னிரண்டாம் நாள் செய்ததையும் எழுதினேன். சூப்பர்வைசர் வெளியே போகச் சொன்னார்.

இதை ஆலை வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் யாருமில்லை. ஆலைக்குள் போகிறவர்கள் குனிந்துகொண்டு போகிறார்கள், அன்று நான் போனதைப் போல. பயம் போகவில்லை, ஆனாலும் யார் வந்தாலும் எழமாட்டேன். நீ வர வேண்டாம். வந்தாலும் வரையாதே, பக்கத்தில் உட்கார்.

அக்கா