கடற்கரைக்குப் போவோம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் அப்பாவும் நலம். நீயும், அங்கே உன்னோடு இருக்கிற அவரும், அவருடைய பாப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என்ன உறவு சொல்லி எழுதுவது என்று தெரியாததால்தான் "அவர்" என்று எழுதினேன். தப்பாக நினைக்க வேண்டாம்.

உன் கடிதம் பள்ளிக்கூடத்துக்கே வந்து சேர்ந்தது. டீச்சர் வகுப்பில் எல்லோர் முன்னாலும் கூப்பிட்டுக் கொடுத்தார். என்னடி, லவ் லெட்டரா என்று பக்கத்து பெஞ்சுக்காரி கிண்டல் பண்ணினாள். ஆமாம் என்றேன்.

விடுமுறைக்கு மூன்று பேரும் இங்கே வரப்போவதாகவும், பாப்பா இதுவரை கடலையே பார்த்ததில்லை என்றும், நீ போன பிறகு ஊர் மாறியிருக்குமே, என்னென்ன பார்க்கலாம் என்று விவரமாக எழுது என்றும் கேட்டிருந்தாய். என்னை எப்போது பார்க்க வருவாய் என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டாய் போலிருக்கிறது. அவசரத்தில் எழுதினால் அப்படி விட்டுப்போவது சகஜம்தான். கேட்டதற்கு முதலில் பதில் எழுதிவிடுகிறேன்.

துறைமுகப் படகில் கட்டாயம் போங்கள். இப்போது மாடி வைத்த படகு விட்டிருக்கிறார்கள். மாடியில் இடது பக்கம் உட்கார்ந்தால் பெரிய கப்பல்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே போகலாம். ஆனால் காலையிலேயே போய்விடுங்கள். மதியம் வரைக்கும் டிக்கெட் ஜன்னலில் வேறு ஒரு அண்ணன் இருப்பார். சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு அப்பா வந்துவிடுவார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை, உனக்கே தெரியும். மூன்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, பார்த்து ஏறுங்க என்று எல்லோரிடமும் சொல்வதுபோல உன்னிடமும் சொல்வார். அப்புறம் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அதற்காகத்தான் சொல்கிறேன்.

மீன் சந்தை பார்க்க நன்றாக இருக்கும், பாப்பாவுக்கு நண்டு பிடிக்கும். இருந்தாலும் வேண்டாம். நம் தெருமுனை மீன்கார அக்கா இப்போது சந்தை வாசல் பக்கமே கடை போட்டிருக்கிறார். அவர் குரல் ஊருக்கே கேட்கும். போன வாரம்கூட, உங்கம்மா கடுதாசி போடுறாளா, இல்ல அதுவும் இல்லையா என்று தராசைக் கையில் பிடித்துக்கொண்டே கேட்டார். எனக்குப் பரீட்சை இருக்கிறது என்று சம்பந்தமே இல்லாமல் சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன். உன்னை நேரில் பார்த்தால் விடவே மாட்டார்.

அருங்காட்சியகத்துக்குப் போகலாம். திமிங்கில எலும்புக்கூட்டுக்குப் புதிதாக விளக்கெல்லாம் போட்டிருக்கிறார்கள். பாப்பா பயப்படலாம். எனக்கு அந்த வயது இருக்கும்போது நான் வீறிட்டு அழுதேன். நீ என்னைத் தூக்கிக்கொண்டு அதன் வாய்க்குக் கீழேயே போய் நின்று, பாருடி, ஒரு பல்லுகூட இல்ல, இது எப்படி உன்னைக் கடிக்கும் என்று கேட்டாய். நான் சிரித்துவிட்டேன். சில திமிங்கிலங்களுக்கு நிஜமாகவே பல் கிடையாது, சீப்பு மாதிரி ஒன்றை வைத்துத் தண்ணீரை வடிகட்டும் என்று பிறகு புத்தகத்தில் படித்தேன். பாப்பா அழுதால் நீ அதையே சொல்லலாம். எனக்கு ஒன்றும் இல்லை.

கலங்கரை விளக்கத்தில் குழந்தைகளை ஏற விடுகிறார்கள். படிகள் சுற்றிச் சுற்றிப் போகும், அவளுக்குத் தலை சுற்றினால் சுவரைப் பார்த்து ஏறச் சொல். மேலே காற்று பலமாக அடிக்கும். என் பழைய தொப்பி, தாடைக்குக் கீழே கட்டுகிற நாடா வைத்தது, அதைத் துவைத்து வைத்திருக்கிறேன். அவளுக்கு அளவு சரியாக இருக்கும்.

இனி என்னுடைய சந்தேகம். உன் கடிதத்தின் கடைசி வரியில், சாயங்காலம் கடற்கரைக்குப் போவோம் என்று எழுதியிருக்கிறாய். யார் யார் என்று எழுதவில்லை. "நாம் போவோம்" என்றால் கேட்கிறவரும் அதில் சேர்த்தி. "நாங்கள் போவோம்" என்றால் கேட்கிறவர் வெளியே. வெறும் "போவோம்" என்று இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று தமிழ் டீச்சரிடம் கேட்டேன். முன்னால் இருக்கிற வரியைப் பார் என்றார். முன்வரியில் நீ ஓட்டல் அறையைப் பற்றி எழுதியிருக்கிறாய். மூன்று பேருக்கு அறை எடுத்திருப்பதாக. அதைச் சொல்லாமல், முன்வரியிலும் தெரியவில்லை, பின்வரி எதுவும் இல்லை என்று டீச்சரிடம் சொன்னேன். அப்படியென்றால் எழுதியவரைத்தான்மா கேட்கணும் என்றார். அவருக்கு அது பாடத்தில் வந்த சந்தேகம் என்று நினைப்பு. கெட்டிக்காரி, இப்படித்தான் கேள்வி கேட்கணும் என்று பாராட்டினார்.

அதனால் உன்னையே கேட்கிறேன். நாம் என்று நினைத்து எழுதியிருந்தால் ஒரு வரி பதில் போடு, போதும். நாங்கள் என்று நினைத்திருந்தாலும் பரவாயில்லை, அதற்கும் ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன். கடற்கரைக்கு வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிற பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். என்னையும் அப்படி ஒருத்தி என்று அவரிடமும் பாப்பாவிடமும் சொல்லிவிடு. எனக்கு எல்லா இடமும் தெரியும், தெளிவாகப் பேசுவேன். பாப்பா என்னை அக்கா என்று கூப்பிட்டால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. உன்னை மேடம் என்றே கூப்பிடுவேன். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன், முதலில் சிரிப்பு வந்தது, இப்போது சரியாக வருகிறது.

பாப்பாவுக்குத் தண்ணீரில் நிற்கும்போது காலடியில் மணல் நழுவும். அவள் முதல் தடவை பார்ப்பவள், பயந்துபோவாள். அவள் கையை விட்டுவிடாதே, அம்மா.

இப்படிக்கு,
உன் மகள்