தம்பிக்குப் போகும் மினிரன்

கேகாலை, 1917 ஆடி

ஆத்தாளுக்கு மகன் சின்னாண்டி கும்பிட்டு எழுதுவது. உங்கள் மூட்டுவலி இப்போது எப்படி? எனக்கு ஒரு குறையுமில்லை. ரப்பர் தோட்டத்தை விட்டு, பென்சில் கரியைச் சுத்தம் செய்யும் கொட்டகைக்கு வந்துவிட்டேன். இங்கே அதற்கு மினிரன் என்று பெயர்.

போன வாரம் சிந்திக்கிடந்த தூளில் வழுக்கி விழுந்தேன். பலத்த அடியில்லை. தூக்கிவிட்ட கங்காணி சிரித்தார்.

"இந்த வழுக்கலுக்குத்தான்டா வெள்ளைக்காரன் வாங்குறான். வெடிமருந்துக் குருணை ஒட்டாம ஓடணும்னு இதைத்தான் மேல பூசுறாங்களாம். கல்லு கலந்தா மருந்து கெட்டுப்போகும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டியையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கல் பொறுக்குகிறேன். பஸ்ராவில் பட்டாளத்தில் இருக்கும் நம் தம்பி மலையாண்டியின் தோட்டாவுக்கும் இது போகலாம் அல்லவா? வேலை ஓடவில்லை என்று அதே கங்காணியிடம் தினமும் ஏச்சு. ஏசட்டும்.

ஊரிலிருந்து யாராவது வந்தால் கொஞ்சம் சீயக்காய் கொடுத்தனுப்புங்கள். கைக் கறுப்பு சோப்புக்குப் போகவில்லை. பூசுகிற திருநீறும் கறுத்துவிடுகிறது.

தபால்காரர் கிளம்புகிறார். தம்பியிடமிருந்து காகிதம் வந்தால் உடனே தெரிவியுங்கள். வரவில்லையென்றால் அதை எழுத வேண்டாம். நான் பாட்டுக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

சின்னாண்டி