முதல் பாரத்துக்கு முப்பது பேர்

2-5-1938, திங்கள்

ஜில்லா போர்டு உத்தரவு இன்று வந்தது. ஹெட்மாஸ்டர் பிச்சையா ஸார் அதை என் முன்னால் இரண்டு முறை உரக்க வாசித்தார். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோகிற எங்கள் பாறைக்குளம் பள்ளிக்கூடத்தில் ஜூன் மாதம் முதல் பாரம், அதாவது ஆறாம் வகுப்பு, தொடங்கலாம். பிறகு வருஷத்துக்கு ஒரு பாரம் கூடும். இன்றைக்கு ஒன்றாம் வகுப்பில் 'அ' எழுதுகிற பிள்ளை, அதே கட்டடத்தில் ஆறாம் பாரம் முடித்து வெளியே போகலாம். படிப்புக்காகத் தென்காசிக்கு நடக்க வேண்டாம்.

கடைசி வரியில்தான் கண்டிஷன். ஜூன் 30 அன்று டிப்டி இன்ஸ்பெக்டர் வந்து எண்ணும்போது முதல் பாரத்தில் முப்பது பேர் இருக்க வேண்டும். இல்லையென்றால் அனுமதி ரத்து.

இந்த வருஷம் ஐந்தாவது தேறியவர்கள் பதினொரு பேர். மீதி பத்தொன்பது? முந்தின வருஷங்களில் ஐந்தாவதோடு நின்று வீட்டில் இருக்கிறவர்களைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். ஸாருக்கு ஓய்வுக்கு இரண்டே வருஷம். "போறதுக்குள்ள இதைப் பாத்துட்டுப் போயிரணும்மா" என்றார். சொல்லும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

6-5-1938, வெள்ளி

ஸார் எழுதிய நோட்டீஸ் அச்சாகி வந்தது. 'கல்விச் செல்வம் நாடும் கனவான்களே!' என்று ஆரம்பம். நூறு பிரதிகள்.

9-5-1938, திங்கள்

கடையில் கொத்தமல்லி வாங்கினேன். வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தால், உள்ளே 'கனவான்களே!'

சிரிப்புத் தாங்கவில்லை. இவர் ஸ்டேஷனிலிருந்து வந்ததும் காட்டினேன். டிக்கெட் கிழித்துக் கிழித்து இவருக்கும் காகிதத்தின் மேல் மரியாதை கிடையாது. "மங்களம், வாசிக்கத் தெரியாதவங்களுக்குப் பள்ளிக்கூடத்தைப் பத்திக் காயிதத்துல எழுதினா எப்பிடிட்டி? நீ நேரா போயிச் சொல்லு" என்றார்.

சரிதான். இது ஏன் ஸாருக்கும் எனக்கும் தோன்றவில்லை?

11-5-1938, புதன்

மூன்று வீடு ஏறினேன். இரண்டில் மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாவது தங்கசாமி வீடு. வாய்க்காலை ஒட்டி இரண்டு மரக்கால் விதை பிடிக்கிற சின்ன வயல் உள்ளவர். நான் பாரம், பாடத்திட்டம் என்று சொல்லிக்கொண்டே போனேன். முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி: "பாரம் படிச்சா போலீசுல எடுப்பானா?"

"படிக்காதவனையும் எடுப்பாங்க. படிச்சவன் ஏட்டையாவா ஆகலாம்."

"அப்போ ரெண்டு பயலுவளையும் எழுதிக்கிடுங்க. ஆனா நாத்து நடுகைக்கு அனுப்பச் சொன்னா அனுப்பணும், பாத்துக்கிடுங்க."

"வள்ளித்தாயை?" என்று கேட்டேன். ஐந்தாவது முடித்து ஒரு வருஷமாக வீட்டில் இருக்கிற மகள். கணக்கில் புலி. தங்கசாமி கூரையைப் பார்த்தார். நான் கிளம்பிவிட்டேன்.

வாய்க்கால் பாலம் வரை அவர் மனைவி மாரித்தாய் பின்னாலேயே வந்தாள். சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "டீச்சரம்மா, வளந்த புள்ள. காலையில வந்தா சாயந்திரம்தான் வீடு. நடுவுல ஒதுங்கணும்னா அங்கன எங்க போவும்? நாள் முச்சூடும் அடக்கிக்கிட்டா இருக்கும்?"

மூன்று வருஷமாக நான் என்ன செய்கிறேன்? காலையில் தண்ணீர் குடிப்பதில்லை. அவ்வளவுதான். அது ஒரு குறை என்றுகூட நினைத்ததில்லை. இந்த ஊர் அம்மாக்கள் எல்லாரும் மனசுக்குள் வைத்திருந்த கேள்வி இதுதானா? ஆண்கள் முன்னால் எப்படிக் கேட்பார்கள்!

12-5-1938, வியாழன்

ஸாரிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் காது சிவந்துவிட்டது. "மூணு வருஷமா நீங்க எங்கேம்மா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

14-5-1938, சனி

வடகரையில் இருக்கிற தம்பி தோப்பிலிருந்து ஸார் ஒரு வண்டி தென்னை ஓலை கொண்டுவந்து இறக்கினார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் குழி வெட்டி, கம்பு நட்டு, கிடுகு பின்னி மறைப்புக் கட்டியாகிவிட்டது. கதவுக்கு ஒரு பழைய தகரம். உள்ளே ஒரு மண்பானை. தங்கசாமியும், மகளைப் பாரத்துக்கு எழுதியிருக்கிற கீழத்தெரு மாடத்தியின் புருஷனும் ஆளுக்கு ஒரு பக்கம் வேலை செய்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. ஆனாலும் மறைப்பு நேராக நிற்கிறது.

வள்ளித்தாய் பெயரை எழுதிக்கொண்டேன்.

18-5-1938, புதன்

வெயில். நாலு வீடு. ஒன்றும் இல்லை.

23-5-1938, திங்கள்

பதினெட்டு பேர். பெண்கள் எட்டு!

24-5-1938, செவ்வாய்

மேலத்தெருத் தளவாய் அண்ணாச்சி ஆள் அனுப்பினார். ஸாரும் நானும் போனோம். ஊரில் பாதி நஞ்சை அவருடையது. மரியாதையாகத்தான் பேசினார். இளநீர் வந்தது.

"எங்க தெருவுல பன்னெண்டு பிள்ளைய இருக்கு. அம்புட்டுப் பேரையும் அனுப்புதேன். ஒண்ணே ஒண்ணுதான். பெஞ்சு போடப் போறியளாமே. கீழத்தெருப் பிள்ளைய அதுல உக்காரக் கூடாது. வராந்தாவுல ஒரு பாய் போட்டு உக்கார வச்சிருங்க. படிக்க வேண்டாம்னு நான் சொல்லுதேனா? படிக்கட்டும்."

பதினெட்டும் பன்னிரண்டும் முப்பது. அவருக்கும் அந்தக் கணக்குத் தெரிந்திருக்கிறது.

இதுவரை எல்லா வகுப்பும் தரையில். தீண்டக்கூடாது என்று ஊர் ஒதுக்கி வைத்த கீழத்தெருப் பிள்ளைகள் கடைசி வரிசையில் போய்த் தானாக உட்காரும்; யாரும் சொன்னதில்லை, யாரும் மாற்றியதும் இல்லை. நானும்தான். பாரத்துக்கென்று பெஞ்சு வந்ததும் ஒரே பலகையில் யார் யார் என்ற கேள்வி வந்துவிட்டது.

யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து வந்தோம். வழியில் ஸார், "ஒரு வருஷம் போகட்டும்மா. பாரம் நிலைச்ச பிறகு மெதுவா உள்ள கூட்டிக்கிடலாம்" என்றார்.

நான் மறுத்துப் பேசவில்லை.

25-5-1938, புதன்

நேற்று நான் ஏன் பேசவில்லை என்று எழுதி வைக்க வேண்டும். எனக்கும் ஆசை வந்துவிட்டது. அதுதான் உண்மை. ஒரு பாய்தானே. வராந்தாவில் காற்று நன்றாக வரும்... இப்படியெல்லாம் நினைத்தேன். சே! வள்ளித்தாய்க்கும் மற்ற பெண்களுக்கும் பாரம் வேண்டாமா? கீழத்தெருவின் மூன்று பிள்ளைகளுக்காக மற்ற இருபத்தேழு பிள்ளைகளை விடுவதா? இருபத்தேழு பேருக்காக மூன்று பேரை வெளியே வைப்பதா? எப்படித் திருப்பிப் போட்டாலும் யாரோ வெளியே நிற்கிறார்கள்.

மாடத்தியிடம் கேட்டுவிடுவது. அவள் சம்மதித்தால் என் மனசு ஆறும்.

26-5-1938, வியாழன்

கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

களத்தில் நின்றிருந்தாள். அவள் மகள் உச்சிமாகாளியும் கூட இருந்தாள். ஐந்தாவதில் முதலாவதாகத் தேறியவள். நான் சுற்றி வளைத்துச் சொல்லி முடிக்கும் வரை மாடத்தி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். கோபப்படவில்லை. 

"எம்புள்ள வெளிய உக்காந்தும் படிச்சிருவா டீச்சரம்மா. மழ அடிச்சாலும் படிச்சிருவா. ஆனா வெளிய போயி உக்காருட்டின்னு யாரு சொல்லுவா? நீங்களா சொல்லுவிய?"

உச்சிமாகாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லட்டி, நான் சொல்ல மாட்டேன்" என்று என் வாய் சொல்லிவிட்டது. டீச்சர் பேச்சே போய், அம்மா வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

27-5-1938, வெள்ளி

தளவாய் அண்ணாச்சியிடம் தனியாகப் போகத்தான் கிளம்பினேன். தெரு முனையில் ஸார் குடையோடு நின்றார். நான் நேற்றே அவரிடம் என் முடிவைச் சொல்லியிருந்தேன். இன்று கூடவே நடந்தார்.

உள்ளே போனதும் அவரே முந்திக்கொண்டார். "அண்ணாச்சி, இது ஊருக்குப் பொதுவான பள்ளிக்கூடம். பெஞ்சும் பொது. உங்க பிள்ளைகள் வந்தா சந்தோஷம்."

"அப்போ உங்க பள்ளிக்கூடம், உங்க பாடு" என்றார் தளவாய் அண்ணாச்சி. சத்தம் போடவில்லை. இன்று இளநீர் இல்லை.

வெளியே வந்ததும் ஸார் சொன்னார்: "ரெண்டு வருஷத்துல போறவனுக்கு என்னம்மா பயம்? அது நேத்து ராத்திரிதான் எனக்கே தெரிஞ்சுது."

5-6-1938, ஞாயிறு

சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்தில் மெயின் அருவி கொட்டுகிறதாம். நமக்கு அதே பதினெட்டு.

12-6-1938, ஞாயிறு

அம்மாக்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டோம். மாரித்தாய் சொன்ன யோசனை. "எங்கள உள்ள விட்டுப் பாக்கச் சொல்லுங்க. வாசலத் தாண்டி நாங்க பாத்ததே கெடையாது." இத்தனை வருஷமாக நடக்கிற பள்ளிக்கூடம்!

சாரலில் முக்காடு போட்டுக்கொண்டு வந்தார்கள். பத்துப் பேர் வந்தால் போதும் என்றிருந்தேன், முப்பத்தேழு பேர். ஸார் வரவேற்புரை எழுதி வைத்திருந்தார். யாரும் அதற்கு நிற்கவில்லை. நேரே பின்பக்கம் போய்த் தகரக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து கொண்டி போடலாமா என்று ஒருத்தி கேட்டாள். போடலாம். திருப்தி.

பிறகு வகுப்புகள். ஒன்றாம் வகுப்பிலிருந்து வரிசையாகக் கூட்டிப் போனேன். கடைசி அறை முதல் பாரம். புது மரம் மணக்கிற ஆறு பெஞ்சு. "உக்காந்து பாக்கலாமா?" என்று ஒரு அம்மா. உட்கார்ந்தார்கள். இடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு. மாடத்தி கதவருகில் நின்றாள். நான் பெயர் சொல்லிக் கூப்பிடலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள், மாரித்தாய் கொஞ்சம் நகர்ந்து பலகையைத் தட்டினாள். "நிக்கியே, வா. கால் வலிக்காதா?" எதிரே இருந்த இரண்டு பேர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்கள். மற்றவர்கள் போகவில்லை.

நான் உலகப் படத்தைத் தொங்கவிட்டேன். தென்காசி எங்கே என்றார்கள். பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். "இம்புட்டுத்தானா!" என்று பெரிய சிரிப்பு.

இன்று மட்டும் ஆறு பெயர். இருபத்து நாலு.

20-6-1938, திங்கள்

மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டிருந்த நேரம். மேலத்தெரு ஆவுடைத்தாய் வந்தாள். தளவாய் அண்ணாச்சியின் தம்பி மனைவி. புருஷன் ரங்கூனில் போலீஸ். இதற்கு முன் அவளோடு நான் பேசியதில்லை. மடியிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினாள்.

"இங்கிலீசு. மாசி மாசம் வந்துது. சம்பள விவரம், வேற ஒண்ணுமில்லன்னாரு வீட்டுப் பெரியவரு. நாலு மாசமா அவுக கையெழுத்துல காயிதமே வரல. நீங்க வாசிச்சுச் சொல்லுங்க."

வாசித்தேன். சம்பளம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கப்பல் துறையில் மரம் சரிந்து விழுந்து அவருக்கு வலது கையும் காலும் முறிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உயிருக்குப் பயமில்லை. குணமானதும், அநேகமாக ஆகஸ்டில், லீவில் ஊருக்கு அனுப்புவார்கள்.

மெதுவாகச் சொன்னேன். அவள் அழவில்லை. "வலது கையா?" என்று கேட்டாள். பிறகு, "அதான் எழுதல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கண் நிறைந்தது. "பொம்பள பயந்துருவான்னு மறைச்சிருக்காரு. நல்லதுக்குத்தான் மறைச்சிருப்பாரு. ஆனா நாலு மாசம் நான் என்னவெல்லாம் நெனச்சேன்னு அவருக்குத் தெரியுமா?"

பாரத்தில் இங்கிலீஷ் உண்டா என்று கேட்டாள். உண்டு, முதல் நாளிலிருந்தே.

"எம்மவ சந்தனமாரிய எழுதுங்க. பக்கத்துல யாரு இருந்தா என்ன? அவ காயிதத்தப் பாக்கட்டும்."

22-6-1938, புதன்

சந்தனமாரி வந்துவிட்டாள். வீட்டில் பெரிய சத்தமாம். ஆவுடைத்தாய் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். பிறகு தளவாய் அண்ணாச்சி, "உன் பிள்ள, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டாராம்.

27-6-1938, திங்கள்

மேலத்தெருவிலிருந்து மேலும் நாலு. சந்தனமாரி போகிறாள் என்று அழுது அடம்பிடித்தவர்கள். ஆலங்குளத்திலிருந்து இங்கே மாமா வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் பெண் ஒன்று. ஆக முப்பது! ஸாரிடம் சொன்னேன். மறுபடியும் எண்ணச் சொன்னார்.

30-6-1938, வியாழன்

அவசர அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர். நான் எண்ணினேன். இருபத்தெட்டு. தங்கசாமியின் பையன்கள் இரண்டு பேரும் இல்லை. இன்றைக்கா நடுகை! ஸார் இன்ஸ்பெக்டரை ஒன்றாம் வகுப்பிலிருந்து காட்டத் தொடங்கினார். நான் பின்வாசலால் ஓடினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் ஓடினேன், ஊரே பார்த்தது. 

"தங்கசாமி அண்ணாச்சி! பயல்கள ஒரு மணி நேரம் விடுங்க!"

தங்கசாமி முழங்கால் சேற்றில் நின்று, "நான்தான் அன்னைக்கே சொன்னம்லா" என்று ஆரம்பித்தார். மாரித்தாய் கையிலிருந்த நாற்று முடியைப் போட்டாள். "ஏலே, ஏறுங்கலே கரைக்கு! இன்ஸ்பெட்டரு கணக்கு எடுக்காராம். உங்க பங்கு நாத்த நான் நடுதேன்."

வள்ளித்தாய் வகுப்பில் இருந்தாள். தம்பிகள் சேறோடு உள்ளே நுழைந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் ஐந்தாம் வகுப்பை முடித்து வந்தார். பெஞ்சு பெஞ்சாக விரல் நீட்டி எண்ணினார். தரையில் காலடிச் சேறு. அதையும் பார்த்தார். "எங்கேயிருந்து வருகிறீர்கள்?" என்று கேட்டார். "வயல்லருந்து ஸார்" என்றான் பெரியவன்.

"சாயங்காலம் திரும்பிப் போவாயா?"

"இப்பவே போகணும் ஸார்."

அவர் சிரித்துவிட்டார். முப்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

16-8-1938, செவ்வாய்

ஆவுடைத்தாயின் புருஷன் வந்து இறங்கினார். கோல் ஊன்றி நடக்கிறார். சந்தனமாரி ஸ்டேஷன் போர்டை இங்கிலீஷில் எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினாளாம். இவர் டிக்கெட் ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறார்.

5-6-1939, திங்கள்

சேர்க்கையின் முதல் நாள். இந்த வருஷம் நான் ஒரு வீட்டுப் படியும் ஏறவில்லை. எட்டு மணிக்கே வாசலில் ஆட்கள். குடைகளுக்கு நடுவே மேஜையைப் போட்டுக்கொண்டு எழுதினேன். இரண்டாம் பாரத்துக்குப் பெஞ்சு இன்னும் வரவில்லை. வரும் வரை அவர்கள் எல்லாரும் தரையில்தான். உச்சிமாகாளியும் வள்ளித்தாயும் ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

பதினோரு மணி இருக்கும். தளவாய் அண்ணாச்சி வீட்டுக் கணக்கப்பிள்ளை வரிசையில் நின்று வந்தார். அண்ணாச்சியின் பேரன் பெயர் சுந்தரபாண்டியன். முதல் பாரம். பிறந்த தேதியை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

"வேற ஏதாவது சொல்லி விட்டாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. பேரை எழுதிட்டு வரச் சொன்னாவ."

எழுதினேன். அடுத்தவரைக் கூப்பிட்டேன்.