என் விவரங்களை அழித்துவிடுங்கள்

மார்ச் 4

உங்களுக்கு,

நான் நலம்தான். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். வேலை உதவி மையத்தில், பழைய பதிவுகளைக் கவனிக்கிற பிரிவில் சேர்ந்திருக்கிறீர்களாமே. அக்கா சொன்னாள். மில் மூடினதிலிருந்து வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு ஒரு வழி பிறந்ததே என்று முதலில் சந்தோஷம்தான். அப்புறம்தான் பயம் வந்தது.

உங்களை விட்டு வந்த பிறகு நான் வேலைக்குப் பேர் பதிந்ததும் அங்கேதான். அவர்கள் கொடுத்த பயிற்சியில்தான் லென்ஸ் வெட்டிப் பொருத்தக் கற்று, இந்தக் கண்ணாடிக் கடையில் சேர்ந்தேன். என் விலாசம், போன் நம்பர், ஏன் வீட்டை விட்டு வந்தேன் என்று அழுதுகொண்டே சொன்னது, எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. வேலைதான் கிடைத்துவிட்டதே, இன்னும் எதற்கு வைத்திருக்கிறார்கள்?

அதற்கு முன்னால், உங்களோடு இருந்தபோதே ஒரு தடவை பதிந்திருந்தேனே, மையத்திலிருந்து வீட்டுக்கு போன் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நான் குளித்துக்கொண்டிருந்தேன். "அவளுக்கு வேலையெல்லாம் வேண்டாம், பேரை எடுத்துடுங்க" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். இன்றைக்கு நானே சொல்கிறேன், எடுத்துவிடுங்கள். திறந்து மட்டும் பார்க்காதீர்கள். பதில் எழுதுவதானால் அக்கா வீட்டுக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
என் அக்காவின் தங்கை


மார்ச் 9

அக்காவின் தங்கைக்கு, அன்புடன்.

உன் பதிவை நான் பார்க்கவில்லை. சேர்ந்த அன்றைக்கே மேலாளர் அம்மாவிடம், "என் வீட்டுக்காரி பேரும் இதுல இருக்கும்மா. எனக்கு மட்டும் திறக்காத மாதிரி பண்ணிடுங்க" என்று சொன்னேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பூட்டிவிட்டார். ஒரு நாள் உன் பேரைத் தட்டிப் பார்க்கலாமா என்று கை துறுதுறுத்தது உண்மை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாயே. கிடைத்த வேலையில் ஆள் நிலைத்தாரா என்று பார்க்கவும், பயிற்சிச் செலவுக்குக் கணக்குக் காட்டவும்தான். கெடு முடிந்தால் தானாக அழித்துவிடுவோம். அதற்கு முன்னால் அழிக்க வேண்டுமென்றால், நீயே நேரில் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும். பயிற்சி முடித்த விவரம் மட்டும் இருக்கும். விலாசம், போன், நீ சொன்னது எல்லாம் போய்விடும். உனக்காக நான் எழுதித் தர முடியாது. உனக்காக ஒரு தடவை பேசிப் பட்டது போதும். அந்த போனைப் பற்றி இப்போது என்ன சொன்னாலும் சப்பைக்கட்டுதான்.

திங்கட்கிழமை வா. மேலாளர் அம்மா இருப்பார்.

உன் நலம் விரும்பும்,
நான்


மார்ச் 17

உங்களுக்கு,

திங்கட்கிழமை வந்தேன். உங்களைப் பார்த்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று பஸ்ஸில் வழியெல்லாம் பழகிக்கொண்டு வந்தால், உங்கள் நாற்காலி காலி! "லீவு போட்டிருக்கார். நீங்க நிம்மதியா வந்துட்டுப் போகணுமாம்" என்றார் மேலாளர் அம்மா. பழகினதெல்லாம் வீணாகிவிட்டதே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. திரும்பும்போதுதான் அழுகை.

அழிப்பதற்கு முன்னால் நான் அன்று சொன்னதைப் படிக்கச் சொன்னார்கள். "வீட்டுக்காரர் கெட்டவர் இல்லீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்கத்தான் தெரியாது." அதையும் அழிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த வீட்டுக்குத் திரும்பி வருவேன் என்று நினைக்காதீர்கள். இந்த வேலையை விட்டுவிட்டு வர மனசில்லை. ஆனால் இனிமேல் அக்கா வழியாக எழுத வேண்டாம். கவரைப் பிரித்துப் படித்ததோடு, "உன் வீட்டுக்காரருக்கு எழுத்துப் பிழை ஜாஸ்தி" என்று வேறு சொல்கிறாள். என் விலாசத்தை நானே கீழே எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடை கிடையாது.

இப்படிக்கு,
நான்தான்

கண்ணாடிக் கடைக்கு எதிர்ச் சந்து,
கடைசி வீடு, மாடி அறை


மார்ச் 20

அன்புள்ள உனக்கு,

இந்த ஞாயிற்றுக்கிழமை வரலாமா? வேண்டாம் என்றாலும் எழுது.

நான்