கழிவறை மருந்துக்கு அம்மாவின் தாலாட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

எங்கள் விளம்பரக் கம்பெனியில் பழைய பாணியில் சோப்பு விளம்பரம் ஒன்று கேட்டார்கள். நானே படம் வரைந்து இசையும் போட்டேன். தங்கச்சிக்கு நீங்கள் பாடிய தாலாட்டைக் கேசட்டிலிருந்து எடுத்து, உங்களைக் கேட்காமலே சேர்த்தேன். நேற்று முதலாளி அதையே கழிவறை கழுவும் மருந்தின் விளம்பரமாக மாற்றி ஓட்டிக் காட்டினார்.

“இந்தம்மா குரலுக்கே கறை போயிடும்யா!” என்று சிரித்தார்.

“அது எங்கம்மா சார். தர மாட்டேன்” என்று சொல்லி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு வந்துவிட்டேன். அவரைவிட என்மேல்தான் அதிக அருவருப்பு.

வேறு வேலை கிடைக்கும், கவலை வேண்டாம். என் பழைய போர்வையை அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து நன்றாகத் திட்டுங்கள். சீக்கிரம் வைத்துவிடாதீர்கள்.

அவசரத்தில்,
உங்கள் மகன்